ஆறினதும் சரியாகிற பிரேக்

மக்களே, பொங்கல் லீவுக்குப் போய்ட்டு வந்து எல்லாரும் கரும்பு போட்டோ போட்டீங்க. நான் போட்டது ஒரு தேய்ஞ்ச பிரேக் பேட் போட்டோ. "என்னடி இது, பிஸ்கட்டா?"ன்னு ஹாஸ்டல் குரூப்ல கேட்டவங்களுக்கான முழுப் பதில்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் படிக்காதவங்களும் தாராளமா வாசிக்கலாம். உங்க வீட்டில ஒரு பழைய கார் இருந்தா கண்டிப்பா வாசிங்க.

எங்க தாத்தா ஊர் திருவெள்ளறை. திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியா துறையூர் போற ரோட்டில இருக்கு. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலும், பல்லவர் காலத்து ஸ்வஸ்திக வடிவக் கிணறும் அங்கதான். அதே ரோட்டில துறையூர் போய், சோபனபுரம் தாண்டினா பச்சைமலை ஏறலாம். காணும் பொங்கலன்னைக்கு நாங்க கிளம்பினது அங்கதான். தாத்தாவோட 2012ல வாங்கின சின்ன கார். ஓட்டினது மாமா. உள்ள தாத்தா, பாட்டி, அம்மா, நான்.

ஏறினது நல்லாத்தான் ஏறினோம். இறங்கும்போது பாதி மலையில இடது பக்கமிருந்து கருகின வாடை வந்தது. யாரோ காட்டுல சருகு எரிக்கிறாங்கன்னு பாட்டி சொன்னாங்க. ரெண்டு வளைவு தாண்டினதும் மாமா முகம் மாறிடுச்சு. பெடல் பாதிக்கு மேல உள்ள போகுது, பஞ்சு மாதிரி இருக்கு, வண்டி நிக்கல. மாமா கத்தல, எங்களுக்கு ஒண்ணும் சொல்லவும் இல்ல. பெடலை மளமளன்னு நாலு தடவை மிதிச்சார், செகண்ட் கியர், ஃபர்ஸ்ட் கியர்னு இறக்கினார், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தார், மலைப்பக்க மண்ணோரமா ஒதுக்கி நிறுத்திட்டார். இறங்கிப் பார்த்தா இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில கையே கொண்டுபோக முடியல. வலது சக்கரம் சூடு, ஆனா இவ்வளவு இல்ல.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பெடலை மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது. ஒண்ணுமே நடக்காத மாதிரி! மெதுவா ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனா, "பேட் மாத்தி மூணு மாசம்தான் ஆகுது, பிரேக் நல்லாத்தானே இருக்கு, மலையில அப்படித்தான் இருக்கும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாமாவுக்குத் திருப்தி. எனக்கு இல்ல. ஆறினதும் சரியாகிற பிரேக்கை யார் டெஸ்ட் பண்ணினாலும் சரியாத்தான் இருக்கும், அவங்க டெஸ்ட் பண்றது ஆறின வண்டியை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வண்டியும் நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து சுமார் 1,100 கிலோ. 500 மீட்டர் உயரம் இறங்கினோம்னு வெச்சுக்குங்க. எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா கிட்டத்தட்ட 54 லட்சம் ஜூல். 18 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவர்ற சூடு இது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினா வர்ற சூடு ஒன்றரை லட்சம் ஜூல்தான். அதாவது அந்த இறக்கம் முழுக்க பிரேக்கை மட்டும் நம்பி வந்தா, 35 தடவை இடைவெளியே இல்லாம சடன் பிரேக் போட்ட மாதிரி. இந்தச் சூட்டில பெரும்பங்கு முன் சக்கர டிஸ்க் ரெண்டுக்கும்தான் போகும், ஏன்னா இறக்கத்தில எடை முன்னாடி சாயும்.

சூடானா பெடல் ஏன் பஞ்சாகணும்? உங்க கால் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது கம்பியில்ல, பிரேக் ஆயில். பாஸ்கல் விதி, ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டு மார்க் கேள்வி. திரவத்தை அமுக்க முடியாது, அதனால மாஸ்டர் சிலிண்டர்ல கொடுக்கிற அழுத்தம் அப்படியே காலிப்பர் பிஸ்டனுக்குப் போகுது. ஆனா அந்த ஆயில் கொதிச்சுட்டா உள்ள ஆவிக் குமிழ் வரும். ஆவியை அமுக்க முடியும். நீங்க மிதிக்கிற மிதி முழுக்க குமிழைச் சுருக்கவே செலவாகிடும், பேட் டிஸ்க்கைத் தொடாது. ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிடும், பெடல் திரும்பிடும். எங்களுக்கு நடந்தது அச்சு அசலா இதுதான்.

அடுத்த கேள்வி, அது ஏன் அவ்வளவு சீக்கிரம் கொதிச்சது? பிரேக் ஆயில்னு நாம சொல்றது எண்ணெய் வகையே இல்ல, கிளைக்கால் சார்ந்த திரவம். காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரம் சொல்லுது. அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4ன்னா 230, தண்ணி சேர்ந்தா 155. அதனாலதான் கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றாங்க. தாத்தா காரோட டப்பாவைத் திறந்து பார்த்தேன். லேசான மஞ்சளா இருக்க வேண்டியது ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில இருந்தது. கடைசியா எப்ப மாத்தினதுன்னு கேட்டா தாத்தா, "அதையெல்லாம் மாத்துவாங்களா என்ன?"ன்னார். பத்து வருஷத்துக்கு மேல ஒரே ஆயில்.

சரி, ஆயில் பழசு. ஆனா இடது சக்கரம் மட்டும் ஏன் அதிகச் சூடு? அதைக் கழட்டித்தான் பார்க்கணும்.

"உனக்கெதுக்கு பாப்பா இந்த வேல, கையெல்லாம் கிரீஸாயிடும்"னார் மாமா. நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது இதுக்குத்தானே மாமான்னேன். ஸ்பேனர் செட்டை எடுத்துட்டு வந்துட்டார்.

இனி செய்முறை. வீட்டு வாசல்ல, சமதளமான சிமெண்ட் தரையில நிறுத்துங்க. மண்ணுல ஜாக்கி போடாதீங்க, புதையும். எந்தச் சக்கரத்தைத் தூக்குறீங்களோ அதுக்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைங்க. வீல் நட்டை வண்டி தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திக்கணும், தூக்கின பிறகு சக்கரம் சுத்தும். தூக்கினதும் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைச்சா வாங்குங்க. நாங்க ஸ்டாண்டு வெச்சு, கூடுதலா கழட்டின சக்கரத்தையும் வண்டிக்கு அடியில படுக்க வெச்சோம், நழுவினாலும் அதுமேல உட்காரும். வண்டிக்கு அடியில தலையை நீட்டாதீங்க. இந்த வேலைக்கு அது தேவையும் இல்ல.

சக்கரம் வந்ததும் டிஸ்க்கைக் கவ்விக்கிட்டு இருக்கிறதுதான் காலிப்பர். சின்ன கார்கள்ல பெரும்பாலும் நழுவும் வகை: பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில காலிப்பர் முழுசும் ரெண்டு பின்கள் மேல நழுவி வெளிப் பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின் நழுவலைன்னா என்ன ஆகும்னு இப்ப நீங்களே சொல்லிடலாம். கீழ் போல்ட்டைக் கழட்டி காலிப்பரை மேல தூக்கினோம். மூணு மாசப் பேட்ல வெளிப் பேட் கிட்டத்தட்ட புதுசு. உள் பேட் 2 மி.மீ.தான் மிச்சம், அதுவும் கண்ணாடி மாதிரி பளபளன்னு. அந்த 'பிஸ்கட்'தான் நான் போட்டோ போட்டது.

பின்னைக் கையால இழுத்தா வரவே இல்ல. மேல இருந்த ரப்பர் உறை கிழிஞ்சு, உள்ள தண்ணி போய், கிரீஸ் காய்ஞ்சு துருவோட ஒட்டிக்கிட்டு இருந்தது. மூணு மாசம் முன்னாடி பேட் மாத்தினவங்க பின்னைத் தொடவே இல்லன்னு அர்த்தம். ஆக கதை முழுசா இதுதான்: பின் இறுகிடுச்சு, மிதிச்சு விட்ட பிறகும் காலிப்பர் திரும்பாம உள் பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருந்தது, அந்தச் சூடு பிஸ்டன் வழியா பக்கத்திலேயே இருக்கிற பழைய ஆயிலுக்குப் போனது, ஆயில் கொதிச்சது. பேட் மட்டும் மாத்தியிருந்தா இன்னும் மூணு மாசத்துல அதே இடம், அதே வளைவு.

பேட் மாத்துறது யூடியூப்ல பத்து நிமிஷ வேலை மாதிரி தெரியும், ஆனா கவனிக்க வேண்டியது நிறைய. காலிப்பரை ரப்பர் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஹோஸ் உள்ளுக்குள்ள கிழியும். கட்டுக்கம்பியால மேல ஸ்பிரிங்ல கட்டிடுங்க. தூசியை வாயால ஊதவோ காத்தடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு, இப்போதைய தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்ல. ஈரத்துணியால துடைங்க. பின்னை உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, சுத்தம் பண்ணி, சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ் தடவணும். வீட்ல இருக்கிற சாதா கிரீஸைப் போட்டா ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். கிழிஞ்ச உறைக்குப் பதில் புதுசு போட்டோம், செட்டாவே கிடைக்குது.

புதுப் பேட் தடிமனா இருக்கும், அதனால பிஸ்டனை உள்ள தள்ளணும். அதுக்கு முன்னாடி ஆயில் டப்பா மூடியைத் திறந்து, சிரிஞ்சால கொஞ்சம் ஆயிலை எடுத்துடுங்க, இல்லன்னா வழிஞ்சு பெயிண்ட்டை அரிச்சுடும். பழைய பேடை பிஸ்டன் மேல வெச்சு, சி கிளாம்ப்பால மெதுவா திருகினா போயிடும். அழுத்தியும் போகலைன்னா பிஸ்டனே இறுகியிருக்கு, அது வேற வைத்தியம். டிஸ்க்கோட தடிமனையும் அளந்துடுங்க. குறைஞ்சபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க் மேலேயே பொறிச்சிருக்கும். ஃபர்ஸ்ட் இயர் லேபுக்குப் பிறகு வெர்னியரைக் கையில எடுத்தது அன்னைக்குத்தான். டிஸ்க் தப்பிச்சது.

வலது பக்கப் பேட் நல்லாத்தானே இருக்கு, அதை விட்டுடலாமேன்னு மாமா கேட்டார். கூடாது. ஒரு அச்சுல ரெண்டு பக்கமும் ஒண்ணா மாத்தணும். இல்லன்னா ஒரு பக்கம் அதிகமா பிடிச்சு, மழையில வண்டி இழுத்துட்டுப் போகும். பேட் எங்க வாங்குறதுன்னு கேட்டா, நாம ஒண்ணும் பிரேக்குக்குப் பஞ்சமான ஊர்ல இல்ல: 1962ல தொடங்கின பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியிலதான் வளர்ந்தது, ராணேவோட பிரேக் லைனிங் ஆலை திருச்சியிலயே இருக்கு. பில் கொடுக்கிற கடையில, சீல் உடையாத பெட்டியா வாங்குங்க. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதில்ல.

அடுத்தது ஆயில் மாத்துறது. இதுக்கு ரெண்டு பேர் வேணும், அவங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரக் கூடாது. ஒருத்தர் பெடல்ல, இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட. காலிப்பர் பின்னாடி இருக்கிற நிப்பிள்ல தெளிவான டியூபை மாட்டி, அதோட மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில்ல முக்குங்க. பெடல்காரர் "மிதிச்சிருக்கேன்"னு சொல்லி அழுத்திப் பிடிக்கணும். இவர் நிப்பிளைக் கால் சுத்து திறக்க, பழைய ஆயில் வரும். மூடின பிறகுதான் "விடுங்க"ன்னு சொல்லணும். மூடுறதுக்கு முன்னாடி காலை எடுத்தா காத்து உள்ள போயிடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நாங்க ரெண்டு தடவை ஆரம்பிச்சோம். டப்பாவில ஆயில் குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருங்க, காலியானா கதை கந்தல். பழைய வண்டியில பெடலை அடி வரைக்கும் மிதிக்காதீங்க, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இதுவரை போகாத அழுக்குப் பகுதியில சீல் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வெச்சுக்கிட்டோம்.

இங்க ஒரு விஷயம். அமெரிக்க வீடியோக்கள் பலதுலயும் வலது பின் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க. மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில இருக்கிற சக்கரம் முதல்ல, கிட்ட இருக்கிறது கடைசின்னுதான் கணக்கு. அவங்க டிரைவர் சீட் இடது பக்கம், நமக்கு வலது. அப்போ நமக்கு எட்டத்தில இருக்கிறது இடது பின் சக்கரம். உங்க வண்டி மேனுவல் வேற வரிசை சொன்னா மேனுவல் சொல்றதே சரி. ஏபிஎஸ் இருக்கிற வண்டியில அந்த யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா ஸ்கேனர் இல்லாம எடுக்கிறது கஷ்டம். அதனால டப்பா காலியாகவே விடக் கூடாது.

ஆயில் மூடி மேலயே டாட் 3, டாட் 4ன்னு போட்டிருக்கும், அதையே ஊத்துங்க. டாட் 5 சிலிக்கான் வகை, இதுங்களோட சேரவே கூடாது. இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். போன வருஷம் திறந்து பாதி வெச்சிருக்கிற பாட்டில் வேண்டாம், அது இந்நேரம் ஈரம் குடிச்சிருக்கும். எடுத்த பழைய ஆயிலை வாய்க்கால்ல ஊத்தாதீங்க. நாங்க பாட்டில்ல அடைச்சு, பழைய ஆயில் சேர்க்கிற கடையில தனியா கொடுத்தோம்.

இப்ப வேலையிலேயே ரொம்ப முக்கியமான கட்டம், பலபேர் மறக்கிறதும் இதைத்தான்: சக்கரம் மாட்டினதும் வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலைப் பல தடவை மிதிங்க. பிஸ்டனை உள்ள தள்ளி வெச்சிருக்கோம், முதல் சில மிதி சும்மா தரைக்குப் போகும். அது தெரியாம ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினா வாசல் சுவர்தான் பிரேக். பெடல் கெட்டியானதும் டப்பாவில அளவு பாருங்க, வீட்டு வாசல்லயே ஊர்ந்து போய் நிறுத்திப் பாருங்க. அப்புறம் காலியான ரோட்டில 50 வேகத்திலிருந்து 10க்கு மிதமா ஒரு எட்டு, பத்து தடவை குறைங்க, முழுசா நிறுத்தாம, நடுவுல கொஞ்சம் காத்தாட ஓட்டி. புதுப் பேட் டிஸ்க்கோட ஒத்துப்போக இது தேவை.

உங்க வண்டியில வேற மாதிரி குறை இருக்கலாம், அதனால பெடல் சொல்ற பாஷையைக் கொஞ்சம் சொல்லிடறேன். எப்பவுமே பஞ்சா இருந்தா பைப்புல காத்து. சூடானா மட்டும் பஞ்சானா ஆயில், எங்க கதை. சிக்னல்ல மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போது மெதுவா இறங்கிக்கிட்டே போனா எங்கேயோ கசியுது. சக்கர உள்பக்கமும் பைப்பும் ஈரமில்லன்னா மாஸ்டர் சிலிண்டர் உள் சீலைச் சந்தேகப்படுங்க. பெடல் மரம் மாதிரி கடினமா இருந்தா பூஸ்டர் அல்லது அதோட வேக்கும் ஹோஸ். இதுக்கு ஈஸி டெஸ்ட் உண்டு: இன்ஜினை அணைச்சு நாலஞ்சு தடவை மிதிச்சு, மிதிச்ச காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டர் வேலை செய்யல. பெடல் காலுக்கடியில துடிச்சா டிஸ்க் ஏத்த இறக்கமா தேய்ஞ்சிருக்கு. வண்டி ஒரு பக்கம் இழுத்தா ஏதோ ஒரு காலிப்பர் இறுகியிருக்கு, இல்லன்னா பேட்ல ஆயில் பட்டிருக்கு. கீச்சுன்னா பேட் 3 மி.மீ.க்குக் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. கரகரன்னு இரும்பு உரசுற சத்தம்னா அன்னைக்கே நிறுத்துங்க. மாஸ்டர் சிலிண்டர், கசியுற இரும்பு பைப், ஏபிஎஸ் யூனிட் இதெல்லாம் வீட்டு வாசல் வேலை இல்ல. கசிவு தெரிஞ்சா ஒர்க்‌ஷாப்புக்கும் ஓட்டிட்டுப் போகாதீங்க, ஆளைக் கூட்டிட்டு வாங்க.

கடைசியா ஒரு குற்றவாளி பாக்கி. மாமா. மலையில இறங்கும்போது நியூட்ரல்ல விட்டு வந்திருக்கார், பெட்ரோல் மிச்சமாம். கேட்டப்ப, "எல்லாரும் அப்படித்தான் பாப்பா வருவாங்க"ன்னார். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோலே நின்னுடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல விட்டாதான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். இன்னும் மோசம், இன்ஜினையே அணைச்சுட்டு இறங்குறது: பூஸ்டர்ல மிச்சமிருக்கிற வேக்கும் ரெண்டு, மூணு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகும். ஏறின கியர்லயே இறங்கணும்னு பழைய லாரி டிரைவர்கள் சொல்றது வெறும் பழமொழி இல்ல, அந்த 54 லட்சம் ஜூல்ல ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கும்.

போன ஞாயித்துக்கிழமை அதே ரோட்டில, பாட்டியைக் கூட்டிட்டுப் போகாம, நானும் மாமாவும் மட்டும் போய் வந்தோம். இறங்கினது முழுக்க செகண்ட் கியர். சோபனபுரத்தில நிறுத்தி ரெண்டு முன் சக்கரத்துக்கிட்டயும் கை வெச்சுப் பார்த்தேன், சூடு ஒரே மாதிரி இருந்தது. பெடல் ஏறும்போது எப்படி இருந்ததோ அப்படியே. ஹேண்ட் பிரேக் மட்டும் ரொம்ப மேல இழுத்தாதான் பிடிக்குது. பின் டிரம்மைத் திறக்கணும், ஷூ எவ்வளவு மிச்சமிருக்குன்னு தெரியல. செமஸ்டர் லீவு வரட்டும்.